டிரம்பெட் இல்லாத ரான்ச்சேரா: சாவேலா வார்காஸ் மாற்றியது எதை?

2023-ல் எஸ்லாபோன் அர்மாதோ குழுவும் பெசோ ப்ளூமாவும் சேர்ந்து பாடிய ஒரு மெக்சிகோ பாடல், அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது. அதன் பிறகு மெக்சிகோ இசை பற்றிய பேச்சு உலகெங்கும் கூடிவிட்டது. கூடவே குழப்பமும். ஸ்ட்ரீமிங் செயலிகள் பல வகை இசையை 'ரீஜனல் மெக்சிகன்' என்ற ஒரே பெட்டியில் போட்டுத் தருகின்றன. ரான்ச்சேரா என்ற மெக்சிகோ பாடல் வகையை எடுத்துக்கொண்டு, 'ரான்ச்சேராவின் நவீன வடிவம்' என்ற அடைமொழியோடு புதுப் பாடகர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருவர் அக்கார்டியன் சேர்க்கிறார், இன்னொருவர் சிம்பொனி இசைக்குழுவை அழைக்கிறார், வேறொருவர் எலக்ட்ரானிக் தாளத்தை அடியில் ஓடவிடுகிறார். எதை மாற்றினால் ரான்ச்சேரா நவீனமாகும் என்பதுதான் கேட்பவருக்குப் புரிவதில்லை.

இதற்குத் தெளிவான விடை, எதையுமே புதிதாகச் சேர்க்காத ஒரு பாடகியிடம் இருக்கிறது. சாவேலா வார்காஸ், 1961-ல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டவர். அவர் செய்ததெல்லாம் கழித்தல்தான். அந்தக் கழித்தல் ஏன் அவ்வளவு பெரிய மாற்றம் என்று புரிய, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

1. ரான்ச்சேரா என்பது பாடல் வகை. நாட்டுப்புறப் பண்ணை வாழ்க்கையின் நினைவும், காதல், பிரிவு, துரோகம், ஊர்ப்பற்று, குடி ஆகியவையும் இதன் கருப்பொருள்கள்.

2. மரியாச்சி என்பது இசைக்குழு. மேற்கு மெக்சிகோவில், குறிப்பாக ஹலிஸ்கோ மாநிலத்தையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் சேர்ந்தது. ரான்ச்சேராவுக்குப் பெரும்பாலும் பக்கவாத்தியமாக இருப்பது இந்தக் குழுதான். ஆனால் மரியாச்சி வேறு வகைப் பாடல்களையும் வாசிக்கும். ரான்ச்சேராவை மரியாச்சி இல்லாமலும் பாடலாம். இந்தக் கட்டுரைக்கு இந்த ஒரு வேறுபாடு மிக முக்கியம்.

3. நோர்தேன்யோ வட மெக்சிகோவின் இசை. அக்கார்டியனும், பாஹோ செக்ஸ்தோ என்ற பன்னிரண்டு நரம்புக் கருவியும் இதன் அடையாளம்.

4. கொரீதோ கதைப்பாடல். புரட்சி வீரர்கள், கொள்ளையர்கள், பிற்காலத்தில் போதைக் கடத்தல்காரர்கள் என்று ஒருவரின் கதையைச் சொல்லும். பெசோ ப்ளூமா போன்றவர்களால் பரவலான 'கொரீதோ தும்பாதோ' இதன் வழித்தோன்றல். அதை ரான்ச்சேரா என்று சொல்வது சரியல்ல.

உள்ளே எப்படி இயங்குகிறது

ரான்ச்சேராவின் இசையமைப்பு எளிமையானது. பெரும்பாலும் மூன்று கார்டுகளுக்குள் (சேர்ந்தொலிக்கும் சுரத் தொகுதிகளுக்குள்) பாட்டு முடிந்துவிடும். தாளத்தில் மூன்று நடைகள் வழக்கம்: மூன்று அடி கொண்ட வால்ஸ் நடை, இரண்டு அடி கொண்ட போல்கா நடை, நான்கு அடி கொண்ட மெதுவான நடை. 1950-களில் இந்த மெது நடை பொலேரோ என்ற மெதுவான காதல் பாடல் வகையுடன் கலந்து 'பொலேரோ ரான்ச்சேரோ' ஆனது. ஹவியர் சோலீஸ் அதன் பெரிய குரல்.

குழுவில் யார் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தால் மற்றது விளங்கும். கிதாரோன் என்பது பெரிய வயிறு கொண்ட ஆறு நரம்பு பாஸ் கருவி. வால்ஸ் நடையில் முதல் அடியை இது போடும். விஹுவேலா என்ற ஐந்து நரம்புச் சிறு கருவி இரண்டாம், மூன்றாம் அடிகளைக் கொடுக்கும். வயலின்கள் மெட்டைத் தழுவிச் செல்லும். டிரம்பெட்டுகளின் வேலை தனி. பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் அவை புகுந்து பதில் சொல்லும். பாடகர் 'என்னை விட்டுப் போய்விட்டாள்' என்று முடித்ததும் டிரம்பெட்டுகள் அந்த வலியை வீரமாக மாற்றிக் கொடுத்துவிடும். துக்கம் தனிமையில் நிற்காது. கூட்டம் அதைத் தோளில் ஏற்றிக்கொள்ளும். நடுவே யாரோ எழுப்பும் 'கிரீத்தோ' என்ற நீண்ட கூவலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இன்னொன்று, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்போது வேகம் கட்டுக்குள் இருந்தாக வேண்டும். சில இடங்களில் பாடகர் ஒரு சுரத்தை நீட்டி நிறுத்தலாம், குழு காத்திருக்கும். ஆனால் வரிக்கு வரி அப்படிச் செய்ய முடியாது. ஆக, மரியாச்சியோடு பாடும்போது பாடகருக்குப் பெரிய பலம் கிடைக்கிறது. பதிலுக்கு அவர் இரண்டு விஷயங்களை விட்டுக்கொடுக்கிறார்: மௌனம் ஒன்று, தன் விருப்பப்படி காலத்தை வளைக்கும் உரிமை மற்றொன்று.

'பழைய மரபு' எவ்வளவு பழையது?

ரான்ச்சேராவில் யாராவது கை வைத்தால் உடனே எழும் குரல், 'மரபைக் கெடுக்கிறார்கள்' என்பது. எனவே அந்த மரபின் வயதைப் பார்த்துவிடுவது நல்லது.

19-ஆம் நூற்றாண்டுக் கிராமத்து மரியாச்சியில் டிரம்பெட் கிடையாது. வயலின், விஹுவேலா, கிதாரோன், சில பகுதிகளில் ஹார்ப். அவ்வளவுதான். வாசித்தவர்கள் வெள்ளைப் பருத்தி உடையும் செருப்பும் அணிந்த உழைப்பாளிகள். வெள்ளிப் பொத்தான் வைத்த 'சார்ரோ' உடை, குதிரை வைத்திருந்த பண்ணைக்காரர்களின் உடை. இசைக்கலைஞர்கள் உடம்பில் அது பிறகுதான் ஏறியது.

1910-ல் தொடங்கிய மெக்சிகோப் புரட்சி பத்தாண்டுகள் நாட்டைப் புரட்டிப் போட்டது. அதற்குப் பிந்தைய அரசுகளுக்கு 'மெக்சிகோ என்றால் இதுதான்' என்று காட்ட ஒரு பொது அடையாளம் தேவைப்பட்டது. கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்து குவிந்த மக்களுக்கோ விட்டு வந்த ஊரைப் பற்றிய பாட்டு தேவைப்பட்டது. 1930-ல் மெக்சிகோ நகரில் எக்ஸ்.ஈ.டபிள்யூ வானொலி நிலையம் தொடங்கியது. 1936-ல் 'ஆயா என் எல் ரான்ச்சோ கிராந்தே' திரைப்படம் பெரிய வெற்றி பெற்று, பாடும் குதிரைவீரன் என்ற கதாநாயகனை லத்தீன் அமெரிக்கா முழுவதும் கொண்டுபோனது. டிரம்பெட் மரியாச்சியில் நிலைபெற்றது இந்த வானொலி, சினிமா காலத்தில்தான். இரண்டு டிரம்பெட் என்ற இன்றைய அமைப்பு 1950-களில் உறுதியானது. மரியாச்சி வார்காஸ் தே தெக்காலித்லான் குழுவும் அதன் இசையமைப்பாளர் ரூபென் ஃபுவெந்தெஸும் அதில் முன்னோடிகள்.

யுனெஸ்கோ 2011-ல் மரியாச்சியை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அது தகுதியான மதிப்புதான். ஆனால் இன்று நாம் மரபு என்று கேட்கும் ஒலி, கிராமத்து வேரிலிருந்து வானொலிக் கூடத்தில் வளர்த்தெடுக்கப்பட்டது. சாவேலா 1961-ல் டிரம்பெட்டை விலக்கியபோது, அந்த டிரம்பெட்டுக்கு மரியாச்சியில் முப்பது வயதுகூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகமே.

பாட்டில் பேசும் ஆள்

இப்போது சொற்களுக்கு வருவோம். என் பார்வையில் விஷயத்தின் மையம் இங்கேதான்.

ரான்ச்சேராவில் எப்போதும் ஒரு 'நான்' பேசுகிறது. 1940-களில் ஹோர்ஹே நெக்ரேதே பாடிய 'நான்' மார் தட்டுகிற ஆண். ஓப்பெராப் பயிற்சி பெற்ற குரல், நிமிர்ந்த தலை, இடுப்பில் துப்பாக்கி. பெத்ரோ இன்ஃபாந்தே அந்த ஆணைக் கொஞ்சம் இளக்கினார். சிரிக்கவும் அழவும் தெரிந்த, பக்கத்து வீட்டுப் பையன் போன்ற நாயகன் அவர். 1957-ல் விமான விபத்தில் அவர் இறந்தபோது நாடே அழுதது.

அப்புறம் வந்தார் ஹோசே அல்ஃப்ரெதோ ஹிமேனேஸ். 1926-ல் குவானஹுவாதோ மாநிலத்தின் தொலோரெஸ் இதால்கோவில் பிறந்தவர். இசை எழுதப் படிக்கத் தெரியாது. மெட்டை விசிலடித்துக் காட்டுவார், ரூபென் ஃபுவெந்தெஸ் போன்றவர்கள் அதை இசைக்குறிப்பாக்குவார்கள். அவருடைய ஆண் தோற்றவன். மதுக்கடை மேசையில் உட்கார்ந்து, போனவளை நினைத்துக் குடிக்கிறவன். தோல்வியை ஒப்புக்கொள்வதே அவனுக்குப் பெருமை. 1973-ல், 47-ஆம் வயதில் ஹோசே அல்ஃப்ரெதோ இறந்தார். அதற்குள் ரான்ச்சேராவின் 'நான்' யார் என்பதை அவரே தீர்மானித்திருந்தார்.

பெண்கள் பாடாமல் இல்லை. லூச்சா ரேயெஸ் சோப்ரானோ என்ற உச்ச சுருதிக் குரலோடு தொடங்கி, ஐரோப்பியப் பயணத்தில் குரல் கெட்டுப்போய்த் திரும்பி, அந்தக் கரகரத்த குரலையே ஆயுதமாக்கினார். பெண் பாடும் ரான்ச்சேராவுக்கு முரட்டுத்தனத்தைக் கொண்டுவந்தவர் அவர். 1944-ல் மிக இளம் வயதில் இறந்தார். பிறகு லோலா பெல்த்ரான், எந்த மரியாச்சியையும் தாண்டி நிற்கும் குரல்வளம் கொண்டவர். ஆனால் ஆண் ஒரு பெண்ணை நோக்கிப் பாடும் பாடலை ஒரு பெண் பாட நேர்ந்தால், வரிகளைத் திருப்பி ஓர் ஆணை நோக்கிப் பாடுவதுதான் வழக்கமாக இருந்தது. ஸ்பானிய மொழியில் பெயரடைகளே ஆண்பால், பெண்பால் காட்டும் என்பதால் இதை மறைத்துவிட்டுப் போக முடியாது. யார் யாரை நேசிக்கிறார் என்பது பெரும்பாலும் வரியிலேயே தெரிந்துவிடும்.

சாவேலா செய்த மாற்றங்கள்

சாவேலாவின் இயற்பெயர் இசபெல் வார்காஸ் லிசானோ. அவர் 1919 ஏப்ரல் 17 அன்று கோஸ்டா ரிகாவில் பிறந்தார். பதின்பருவத்திலேயே மெக்சிகோவுக்கு வந்துவிட்டார். தெருவிலும் மதுக்கூடங்களிலும் பாடிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகுதான் இசைத்தட்டு வாய்ப்பு வந்தது. ஹோசே அல்ஃப்ரெதோ அவருக்கு நண்பர், குடித்தோழர்.

1. மரியாச்சியை விலக்கினார். அவருடைய ஆரம்பப் பதிவுகளில் பக்கத்தில் இருந்தது அந்தோனியோ பிரிபியெஸ்காவின் கிதார். பிற்காலத்தில் இரண்டு கிதார்கள். டிரம்பெட் பதில் சொன்ன இடங்களில் இப்போது யாரும் பதில் சொல்வதில்லை. வரி முடிகிறது, வெறுமை தொடர்கிறது. முன்பு கூட்டம் தாங்கிய துக்கத்தை ஒரே ஒருத்தி தாங்க வேண்டியிருக்கிறது.

2. காலத்தை அவிழ்த்துவிட்டார். கிதார் கலைஞர் ஒருவர்தான் என்றால் அவர் பாடகியின் மூச்சைப் பார்த்து வாசிக்க முடியும். சாவேலா ஒரு சொல்லைத் தாளத்துக்குப் பின்னால் இழுப்பார், அடுத்ததை ஏறக்குறையப் பேசுவார், திடீரென்று தொண்டை கிழியக் கத்துவார், அடுத்த கணம் மைக்கில் முணுமுணுப்பார். வயதாக ஆகக் குரல் உடைந்தது. அந்த உடைசலை அவர் மறைக்கவில்லை. 70 வயதுக்குப் பிறகு செய்த பதிவுகளில் சில வரிகள் பாட்டா பேச்சா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அழகாகப் பாடுவது என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு இவற்றைக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். உண்மையாகச் சொல்வது என்ற அளவுகோலை வைத்தால் இவற்றுக்கு இணை மிகக் குறைவு.

3. பால் மாற்றாமல் பாடினார். ஆண்கள் பெண்களை நோக்கி எழுதிய வரிகளை, எழுதியபடியே, ஒரு பெண்ணாக நின்று பெண்ணை நோக்கிப் பாடினார். கால்சட்டையும் சிவப்புப் போன்சோ மேலாடையும் அணிந்து, சுருட்டும் தெகீலா மதுவுமாகத் திரிந்தார். ஹோசே அல்ஃப்ரெதோவின் தோற்ற ஆண் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, அவன் சொன்ன அதே சொற்களைச் சொன்னாள். ஒரு எழுத்துகூட மாறவில்லை, பாட்டு முழுவதும் மாறிவிட்டது. 2000-ல், 81-ஆம் வயதில், தான் பெண்களை நேசிப்பவர் என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார். ஆனால் கேட்கத் தெரிந்தவர்களுக்கு நாற்பது ஆண்டுகளாக அந்தப் பாடல்களே அதைச் சொல்லிக்கொண்டிருந்தன.

முதல் இரண்டும் இசை சார்ந்தவை, மூன்றாவது சமூகம் சார்ந்தது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றும். மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதே என் கருத்து. சுற்றி டிரம்பெட் முழங்கியிருந்தால் அந்த மூன்றாவது மாற்றம் மேடைக் குறும்பாகப் போயிருக்கும். கிதார் மட்டும் இருந்ததால் அது வாக்குமூலம் ஆனது. மாற்றிச் சொன்னால், அவருக்குச் சொல்ல அப்படி ஒரு விஷயம் இல்லாதிருந்தால், வெறும் கிதாரோடு பாடுவது சிக்கனமான ஏற்பாடாக மட்டுமே இருந்திருக்கும்.

மறைவும் மீள்வரவும்

1970-களின் இறுதியில் சாவேலா மேடையிலிருந்து மறைந்தார். குடி அவரை விழுங்கியிருந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காணாததால் அவர் இறந்துவிட்டார் என்றே பலர் நம்பினார்கள். 1991-ல் மெக்சிகோ நகரின் கொயோவாகான் பகுதியில் 'எல் ஆபிதோ' என்ற சிறிய கேபரே அரங்கில், குடியை விட்டவராக மீண்டும் பாடினார். பிறகு ஸ்பெயின் அழைத்தது. இயக்குநர் பெத்ரோ அல்மோதோவார் தன் படங்களில் அவர் குரலைப் பயன்படுத்தினார், மேடைகளில் அறிமுகம் செய்தார். 2002-ல் வெளிவந்த 'ஃப்ரீதா' திரைப்படத்தில் அவர் திரையிலேயே தோன்றிப் பாடினார். உலகின் பெரும்பாலானோர் அவரை அறிந்தது அதன் வழியாகத்தான். 2003-ல், 84-ஆம் வயதில், நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாடினார். 2012 ஆகஸ்ட் 5 அன்று குவெர்னவாகாவில் காலமானார்.

ஓர் எதிர்வாதம்

சாவேலாவை இப்படி உயர்த்திப் பேசுவதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. அவருடைய இரண்டாம் வாழ்க்கையின் ரசிகர்கள் கொயோவாகானின் அறிவுஜீவிகளும் மத்ரீத், பாரிஸ் நகரங்களின் அரங்க ரசிகர்களும். மெக்சிகோவின் கல்யாண வீட்டிலும், பிறந்தநாள் விடியலிலும், சாவு ஊர்வலத்திலும் இன்றும் ஒலிப்பது டிரம்பெட் முழங்கும் மரியாச்சிதான். 2021-ல் மறைந்த விசென்தே ஃபெர்னாந்தெஸ் கடைசிவரை சார்ரோ உடையோடும் முழு மரியாச்சியோடும்தான் பாடினார். மக்களுக்கு அவர்தான் ரான்ச்சேராவின் அரசர். இதை மறுக்க முடியாது.

ஆனால் இதிலிருந்து சாவேலாவின் முறை மேல்தட்டு ரசனை என்ற முடிவுக்குப் போவது தவறு. அவர் அந்தப் பாட்டைக் கற்றது மதுக்கடை மேசையில். மெக்சிகோ நகரின் கரிபால்தி சதுக்கத்தில் கூலிக்கு வாசிக்கும் மரியாச்சிகள், அவர் இறந்தபோது அதே சதுக்கத்தில் அவர் உடலுக்கு முன்னால் வாசித்தார்கள். இரண்டு முறைகளும் ஒரே பாடல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. கூட்டத்தோடு அழ ஒன்று, தனியாக அழ மற்றொன்று. மக்களுக்கு இரண்டும் தேவைப்படுகின்றன.

இன்றைய பாடகர்களை இதை வைத்து அளந்தால்

லிண்டா ரோன்ஸ்டாட் 1987-ல் நேர் எதிர்த் திசையில் போனார். அமெரிக்க ராக் உலகின் உச்சியில் இருந்தவர், மரியாச்சி வார்காஸ் குழுவையும் ரூபென் ஃபுவெந்தெஸையும் வைத்துக்கொண்டு, தன் தந்தை பாடிய பழைய பாடல்களைப் பழைய ஒலியிலேயே பதிவு செய்தார். அமெரிக்காவில் மட்டும் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஒலியில் எதுவும் புதிதில்லை. ஆனால் எல்லைக்கு வடக்கே பிறந்த தலைமுறை ஒன்று, தன் வீட்டுப் பாட்டை வெட்கப்படாமல் பாடலாம் என்ற துணிவைப் பெற்றது.

கிறிஸ்டியன் நோதால் 1999-ல் சொனோரா மாநிலத்தின் கபோர்காவில் பிறந்தவர். 2017-ல், 18 வயதில் புகழ்பெற்றார். மரியாச்சியோடு நோர்தேன்யோவின் அக்கார்டியனைச் சேர்த்து, அதற்கு 'மரியாச்சேன்யோ' என்று பெயர் வைத்தார். கேட்க இனிமையாக இருக்கிறது. டிரம்பெட் பதில் சொன்ன இடத்தில் அக்கார்டியன் பதில் சொல்கிறது, சற்று மென்மையாக. ஆனால் பேசுகிற ஆள் மாறவில்லை. ஹோசே அல்ஃப்ரெதோவின் அதே காயப்பட்ட ஆண், வயது மட்டும் குறைந்திருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. விளம்பரம் சொல்லும் அளவுக்கு அது புரட்சி அல்ல என்பதுதான் என் மதிப்பீடு.

மெக்சிகோ பாடகி நத்தாலியா லாஃபூர்காதே 2017-லும் 2018-லும் வெளியிட்ட 'மூசாஸ்' தொகுப்புகள் ரான்ச்சேரா மட்டும் கொண்டவை அல்ல. லத்தீன் அமெரிக்க மரபுப் பாடல்கள் பலவும் அவருடைய சொந்தப் பாடல்களும் அவற்றில் கலந்திருக்கின்றன. ஆனால் அவருக்குக் கிதார் வாசித்தவர்கள் லோஸ் மக்கோரினோஸ் என்ற இருவர் குழு. சாவேலாவின் கடைசிக் காலக் கிதார் கலைஞர்கள் இவர்கள்தான். தங்கள் பெயரையே சாவேலாவின் 'மக்கோரினா' பாடலிலிருந்து எடுத்தவர்கள். பாடகியின் மூச்சுக்காகக் காத்திருக்கும் அந்தப் பழக்கம் அவர்கள் விரல்கள் வழியாக இன்னொரு தலைமுறைக்குப் போயிருக்கிறது. லாஃபூர்காதேயின் குரல் சாவேலாவுடையதைப் போல முரடானது இல்லை, மெல்லியது. அப்படியிருந்தும் வரிகளுக்கு நடுவே அவர் விடும் இடைவெளிகளில் அந்தப் பள்ளி தெரிகிறது.

பெண்கள் மட்டுமே கொண்ட மரியாச்சிக் குழுவான நியூயார்க்கின் ஃப்ளோர் தே தொலோவாச்சே 2017-ல் ரான்ச்சேரா, மரியாச்சி பிரிவில் லத்தீன் கிராமி விருது வென்றது. சாவேலா நாற்காலியைக் கைப்பற்றினார் என்றால் இவர்கள் டிரம்பெட்டையும் கிதாரோனையும் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். தொமாஸ் மெந்தெஸ் எழுதிய 'பலோமா நேக்ரா' பாடலை முதலில் லோலா பெல்த்ரான் குரலில், மரியாச்சியோடு கேளுங்கள். பிறகு அதே பாடலைச் சாவேலா குரலில் கேளுங்கள். ஸ்பானியம் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வரியும் முடிந்த பிறகு என்ன ஒலிக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். நவீன ரான்ச்சேரா என்று அடுத்து யார் பெயரைச் செயலி பரிந்துரைத்தாலும் முதலில் அந்த இடத்தைத்தான் கேட்க வேண்டும்: வரி முடிந்ததும் அங்கே யார் இருக்கிறார்கள், பாடகரை யார் தாங்குகிறார்கள் என்று.